சுழியைச் சுற்றி மெலியும் முடி

மனிதன் தன் முகத்தை நாள்தோறும் கண்ணாடியில் காண்கிறான். நெற்றி ஏறுவதையும் காதோரம் நரைப்பதையும் பிறர் சொல்வதற்கு முன் அவனே அறிந்துகொள்கிறான். உச்சந்தலை மாத்திரம், சரீரத்திலேயே மிக உயர்ந்த ஸ்தானமாக இருந்தும், அதை உடையவன் கண்ணுக்கு எட்டாததாகவே இருந்துவிடுகிறது. ஆகையால் அங்கே முடி மெலிகிறது என்ற செய்தியை வாலிபன் ஒருவன் பெரும்பாலும் பிறர் வாயிலாகவே கேட்கிறான். சனிக்கிழமை காலையில் எண்ணெய் வைத்துவிடும் தாயார், "என்னடா, உச்சியிலே தோல் தெரியறதே?" என்று திடுக்கிட்டுக் கேட்பார், அல்லது மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய சலூனில் முடிவெட்டுபவர், வேலை முடிந்ததும் பின்புறம் ஒரு கண்ணாடியைப் பிடித்து, "சுழிக்கிட்ட கொஞ்சம் மெலிஞ்சிருக்கு, தம்பி" என்று மெதுவாகச் சொல்வார், அதுவும் இல்லையென்றால், அறுபத்துமூவர் உற்சவக் கூட்டத்தை மாடியிலிருந்து நண்பன் எடுத்த புகைப்படத்தில், இது யார் தலை என்று ஒரு கணம் தனக்கே அடையாளம் தெரியாமல் பார்த்து, பிறகு தன் சட்டையைக் கண்டு புரிந்துகொள்வான்.

அந்த வாலிபனுக்கு வயது இருபத்திரண்டோ இருபத்தைந்தோ இருக்கும். தரமணியிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ முதல் உத்தியோகம் கிடைத்திருக்கும். அன்றிலிருந்து அவன் செய்யும் காரியங்களை நம் நகரத்தில் அறியாதவர் இல்லை: தண்ணீரைக் குறை சொல்வான், ஷாம்புவை மாற்றுவான், எண்ணெயை மாற்றுவான், மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்று யாரோ சொல்ல அதையும் செய்வான், இரவு வெகுநேரம் கைப்பேசியில் பரிகாரம் தேடுவான், வெட்கத்தினால் வைத்தியரிடம் மாத்திரம் போகமாட்டான். இப்படி இரண்டு மூன்று வருஷங்கள் கழிகின்றன. இந்த வியாதியில், இதை வியாதி என்று சொல்லலாமானால், சிகிச்சைக்கு மிகவும் வசப்படக்கூடிய காலம் அந்த ஆரம்ப வருஷங்களே என்பதையும், அவையே பெரும்பாலும் வீணாக்கப்படுகின்றன என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் ஆறுதல். உச்சியில் தோல் தெரிவதெல்லாம் வழுக்கை அன்று. ஒவ்வொருவர் தலையிலும் முடி சுழன்று வளரும் ஓர் இடம் உண்டு. அதைச் சுழி என்கிறோம். இரட்டைச் சுழி உடையவனுக்கு இரண்டு கல்யாணம் என்று பாட்டிமார் சொல்லிச் சிரிப்பதும் அதைக் குறித்தே. சுழியின் நடுவில் முடிகள் நாற்புறமும் விலகிச் செல்வதால், எவ்வளவு அடர்ந்த தலையிலும் அங்கே சிறிது தோல் தென்படும். தலை நனைந்திருந்தால் இன்னும் அதிகமாகவே தென்படும். கவனிக்க வேண்டிய அடையாளம் வேறு. சுழியைச் சுற்றியுள்ள முடிகள், பின்கழுத்துக்கு மேலே உள்ள முடிகளோடு ஒப்பிடும்போது மெலிந்தும் குட்டையாகவும் நிறம் வெளிறியும் இருக்கின்றனவா, அந்த வட்டம் மாதங்கள் செல்லச் செல்ல அகலுகிறதா என்பதே கேள்வி. தோல் வைத்தியர் சிறிய பூதக்கண்ணாடிக் கருவி ஒன்றைத் தலையில் வைத்துப் பார்த்து, ஒரே இடத்தில் பருத்த முடியும் மெலிந்த முடியும் கலந்து நிற்பதைக் கண்டால், சில நிமிஷங்களில் விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவார்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரையில் முடியை வளர்த்து, பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்ந்து, பழைய முடியை உதிர்த்துவிட்டுப் புதியதைத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது ஆரோக்கியமான தலைக்கும் இயல்பு; குளியலறைச் சல்லடையில் சிக்கும் முடியை எண்ணி எண்ணிக் கலங்குவதில் பிரயோஜனம் இல்லை. பரம்பரை வழுக்கையில் நிகழ்வது உதிர்தல் அன்று, சுருங்குதல். சத்துக் குறைந்துவரும் நிலம் போகத்துக்குப் போகம் விளைச்சல் குன்றுவதைப்போல, அந்த மயிர்க்கால் ஒவ்வொரு சுற்றிலும் முன்னிலும் குறுகிய காலமே வளர்ந்து, முன்னிலும் மெல்லிய முடியையே தந்து, கடைசியில் கண்ணுக்குப் புலப்படாத பூனைமுடியோடு நின்றுவிடுகிறது. மயிர்க்கால் மடிந்துபோகவில்லை, நெடுங்காலம் வரையில் அது சிறுத்த நிலையில் உயிரோடு இருக்கிறது. மருந்துக்கு இடம் இருப்பது இதனால்தான். காலம் கடந்தால் மருந்து பயன்படாமல் போவதும் இதனால்தான்.

இந்தச் சுருக்கத்துக்குக் காரணம் ஆண்மைச் சுரப்பு. டெஸ்டோஸ்டிரோன் என்ற அச்சுரப்பு, தோலில் உள்ள ஒரு நொதியினால் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வலிய பொருளாக மாறுகிறது. பரம்பரையாக அதற்கு இசைவுடைய மயிர்க்கால்கள் அதன் ஸ்பரிசத்தால் சுருங்குகின்றன. ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைப் பழைய கிரேக்க வைத்தியர்களே கவனித்திருந்தார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற சரீர சாஸ்திரி 1942-இல் இதை முறையாக நிறுவினார்: இளமையிலேயே சுரப்பை இழந்தவர்களுக்கு வழுக்கை இல்லை, வழுக்கைக் குடும்பத்தில் பிறந்த அத்தகையவர்களுக்குச் சுரப்பைச் செலுத்தினால் முடி போகத் தொடங்குகிறது, செலுத்துவதை நிறுத்தினால் மேலும் போவது நிற்கிறது. வழுக்கையின் படிகளை அவர் 1951-இல் வகுத்தார். நார்வுட் என்பவர் 1975-இல் அவற்றைத் திருத்தினார். இன்று தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உள்ள கிளினிக்குகளின் சுவர்களில், வரிசையாகத் தலைகள் வரைந்த படம் தொங்குகிறதே, அது இவ்விருவர் வகுத்த அட்டவணைதான். நெற்றி சற்றே ஏறி, உச்சியில் வட்டம் விழும் நிலைக்கு அதில் தனி இடம் உண்டு.

பிறகு 1974-இல், டொமினிகன் குடியரசின் கிராமங்களில் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற பெண் மருத்துவர் ஓர் அதிசயமான குடும்பத் தொடரை உலகுக்கு விவரித்தார். நான் மேலே சொன்ன நொதியே இல்லாமல் பிறந்த அந்தப் பிள்ளைகள், பிறப்பில் பெண்கள்போலத் தோன்றி, பருவம் வந்தபோது ஆண்களாக மாறினார்கள். வளர்ந்த பிறகு அவர்களுக்கு வழுக்கையே விழவில்லை. அந்த நொதியை மருந்தினால் அடக்கினால் என்ன என்ற யோசனை அங்கிருந்து பிறந்தது. வைத்திய வரலாற்றில் தொலைதூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் நகரத்து வாலிபர்களுக்குச் செய்த உபகாரங்களில் இதுவும் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

வழுக்கை தாய்வழியாக வரும், தாய்மாமன் தலையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆண்மைச் சுரப்பை ஏற்கும் மரபணு தாயிடமிருந்து பெறும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் தந்தை வழியிலும் வரும் வேறு மரபணுக்கள் பல உள்ளன. மாமன் தலை நிறைய முடியிருந்தும் மருமகன் உச்சி மெலியலாம்.

இனி, சென்னைவாசிகள் அனைவரும் சொல்லும் அந்தக் காரணத்துக்கு வருவோம். திருச்சியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து தியாகராய நகர் மேன்ஷனில் தங்கும் வாலிபர்களைக் கேளுங்கள். "மெட்ராஸ் தண்ணி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். கடலோரமான அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கங்களில் போர் தண்ணீர் உப்பேறியிருப்பது பிரத்தியட்சம். உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி வறண்டு சொரசொரப்பாகும், சிக்குப் பிடிக்கும், முனை ஒடியும், இதை மறுப்பதற்கில்லை. ஆனால் தோலுக்கு அடியில் உள்ள மயிர்க்காலை அது சுருக்குவதில்லை. ஒன்றை யோசித்துப் பார்த்தால் போதும்: அதே வாளித் தண்ணீர்தான் காதோரத்திலும் பிடரியிலும் விழுகிறது, அங்கெல்லாம் முடி கருகருவென்று நிற்க, உச்சியில் மாத்திரம் வட்டமாக மெலிவானேன்? ஹெல்மெட்டைப் பற்றிய சந்தேகத்துக்கும் இதே விடைதான் ஓரளவு பொருந்தும். வியர்வையினால் பொடுகும் அரிப்பும் வரலாம். அவற்றுக்குத் தனி மருந்து உண்டு. முடிக்குப் பயந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அண்ணா சாலையில் வண்டி ஓட்டுவது மகா விபரீதம்.

தண்ணீரின்மேல் பழி விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நகரில் டெங்குக் காய்ச்சல் பரவுகிறது. கடுங்காய்ச்சலோ டைபாய்டோ வந்து தேறியவர்களுக்கு, சரியாக இரண்டு மூன்று மாதம் கழித்து, தலை முழுவதிலிருந்தும் முடி கொத்துக் கொத்தாய்க் கொட்டும். உடலின் அதிர்ச்சியினால் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுவதே இதற்குக் காரணம். கார்த்திகையில் வந்த காய்ச்சல் தை மாதத்துக்குள் மறந்துபோயிருக்கும். அப்போது மாறிய வீடும் வந்த லாரித் தண்ணீரும் கண்முன் நிற்கும். இந்தக் கொட்டல் பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கி, முடி திரும்ப வளர்ந்துவிடும். அவ்வாறே, காசளவு வட்டமாகத் திடீரென்று வழவழவென்று ஆகும் புழுவெட்டும் வேறு விஷயம். அங்கே எந்தப் புழுவும் வெட்டுவதில்லை. உடலின் காப்புச் சக்தியே மயிர்க்கால்களைத் தாக்குவதால் அது நேர்கிறது. மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. சுயமாக மருந்து வாங்குவது பிசகு என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

மயிலாப்பூர் கச்சேரி சாலையில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் டப்பா செட்டி கடையில் நின்று பார்த்தால், தலைமுடிக்கென்று கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவே இராது. கரிசலாங்கண்ணி, நெல்லிமுள்ளி, வெந்தயம், அவுரி, காய்ந்த செம்பருத்தி என்று பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். நீலிபிருங்காதித் தைலமும் நம் நாட்டு மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்கிறது. இவற்றை நான் இகழ மாட்டேன். தேங்காயெண்ணெயில் இலைகளைக் காய்ச்சித் தாயார் தன் கையால் தேய்த்துவிடும்போது, முடி பளபளப்பும் வழுவழுப்பும் பெறுகிறது, ஒடிவது குறைகிறது, அன்று இரவு நல்ல உறக்கமும் வருகிறது. ஆனால் உச்சியில் சுருங்கிவரும் மயிர்க்காலை இவை மீட்டதாக, உரிய முறையில் நடத்திய பெரிய பரிசோதனைகளின் ஆதாரம் இல்லை. எண்ணெய் வைப்பதை நிறுத்த வேண்டாம். எண்ணெயையே சிகிச்சை என்று நம்பி வருஷங்களைப் போக்க வேண்டாம். பயோட்டின் மாத்திரைகளுக்கும் இதே தீர்ப்புதான்; உடலில் அச்சத்து நிஜமாகவே குறைந்தவர்களுக்கு அன்றி அதனால் முடி வளர்வதில்லை; மேலும் அதை அதிக அளவில் உண்டால் தைராய்டு, இருதயம் ஆகியவற்றுக்கான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவுகளே தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது.

அப்படியானால் ஆதாரமுள்ள மருந்து எது? இரண்டு உண்டு. இரண்டுமே மற்ற எந்த இடத்தையும்விட உச்சந்தலையில்தான் நன்றாகச் சோதிக்கப்பட்டவை என்பது இக்கட்டுரைக்குரிய வாலிபனுக்கு நல்ல செய்தி.

முதலாவது மினாக்ஸிடில். கடுமையான ரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளக் கொடுத்த மாத்திரை அது. உண்டவர்களுக்கு உடம்பெல்லாம் ரோமம் வளர்வதைக் கண்டு, அதைத் தலையில் பூசும் திரவமாக்கினார்கள். 1988-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இன்று ஆண்களுக்குப் பெரும்பாலும் ஐந்து சதவிகிதத் திரவமே எழுதித் தரப்படுகிறது. ஒரு மில்லி அளவில் காலையும் மாலையும், உலர்ந்த தலைத் தோலில் படும்படி பூச வேண்டும். முடியின்மேல் பூசிப் பயனில்லை. ஆரம்பித்த சில வாரங்களில் முடி முன்னைக் காட்டிலும் அதிகமாக உதிரக்கூடும். பழைய முடிகள் புதியவற்றுக்கு இடம் விடுவதனால் நேரும் இதைக் கண்டு அஞ்சி, மருந்தே கெடுத்துவிட்டது என்று பாட்டிலைத் தூக்கி எறிந்த வாலிபர்கள் அநேகர். பலனைக் காண நான்கு முதல் ஆறு மாதம் வேண்டும். நிறுத்தினால், அதனால் கிடைத்த முடி சில மாதங்களில் போய்விடும். தலை அரிப்பு, தோல் சிவத்தல், நெற்றியில் வழிந்த இடத்தில் ரோமம் முளைத்தல் ஆகிய தொல்லைகள் சிலருக்கு நேர்வதுண்டு. இருதயக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

இரண்டாவது ஃபினாஸ்டரைட். டொமினிகன் கிராமத்துக் கதையிலிருந்து பிறந்த மருந்து இதுவே. வயோதிகர்களின் புராஸ்டேட் வீக்கத்துக்காக 5 மில்லிகிராம் அளவில் 1992-இலும், வழுக்கைக்காக 1 மில்லிகிராம் அளவில் 1997-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தத்தில் உள்ள டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இது குறைத்துவிடும். உச்சி மெலிந்த, 18 முதல் 41 வயது வரையிலான 1,553 ஆண்களிடம் நடத்திய ஆராய்ச்சி 1998-இல் வெளியாயிற்று. உச்சந்தலையில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டம் ஒன்றைக் குறித்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் முடிகளை எண்ணினார்கள். தொடக்கத்தில் சராசரி 876. இரண்டு வருஷம் கழித்து, மருந்து உண்டவர்களின் வட்டத்தில், மருந்து கலவாத வெறும் மாத்திரை உண்டவர்களைக் காட்டிலும் 138 முடிகள் அதிகம் இருந்தன. இழந்ததெல்லாம் மீண்டுவிடவில்லை, ஆனால் மருந்து உண்ட பெரும்பான்மையோர் இருந்ததை இழக்கவில்லை, வெறும் மாத்திரை உண்டவர்களில் பெரும்பான்மையோர் இழந்தார்கள். இந்த நோய்க்கு வெற்றி என்பதன் அளவு இதுதான். இளமையில், வட்டம் சிறியதாக இருக்கும்போதே தொடங்கியவன், சிறிய வட்டத்தோடு நிற்கிறான்.

இதன் தீங்குகளை மறைத்துப் பேசுவது பாவம். ஆரம்பப் பரிசோதனைகளில், காம இச்சை குறைதல், எழுச்சி குறைதல், விந்து வெளிப்பாட்டில் மாறுதல் ஆகியவை மருந்து உண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேருக்கும், வெறும் மாத்திரை உண்டவர்களில் இரண்டு பேருக்கும் தோன்றின. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இவை நீங்கிவிடுகின்றன. நிறுத்திய பின்னும் நீடித்ததாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மனச்சோர்வைப் பற்றிய புகார்கள் உண்டு. ஐரோப்பிய மருந்து நிர்வாகம் 2025-இல், தற்கொலை எண்ணம் தோன்றுவதை இம்மாத்திரையின் பக்க விளைவுகளில் ஒன்றாக உறுதிப்படுத்தியது. ஆகவே ஏற்கனவே மனவாட்டம் உள்ள வாலிபன் அதை வைத்தியரிடம் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. உண்ணும்போது மனம் கலங்கினால் உடனே நிறுத்திவிட்டு அவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் இம்மாத்திரையின் பொடியைத் தொடுதல் ஆகாது. வயிற்றிலுள்ள ஆண் சிசுவுக்குத் தீங்கு நேரலாம். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கேட்டு வாங்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது ஒழிய வேண்டிய பழக்கம்.

மூன்றாவதாக இருப்பது அறுவை. பிடரியிலும் காதுக்கு மேலும் உள்ள மயிர்க்கால்களுக்கு ஆண்மைச் சுரப்பினால் சுருங்கும் சுபாவம் இல்லை. அவற்றைப் பெயர்த்து உச்சியில் நட்டாலும் அந்தச் சுபாவத்தோடே அவை வாழ்கின்றன. நியூயார்க்கைச் சேர்ந்த நார்மன் ஓரன்டிரைக் 1959-இல் இதை வெளியிட்டதிலிருந்து இந்தக் கலை வளர்ந்துவந்திருக்கிறது. பனகல் பூங்காவைச் சுற்றி ஒரு மாலை நடந்தால், முன்-பின் படங்களோடு எத்தனை பலகைகள்! ஆனால் உச்சந்தலைக்கு, அதிலும் இருபது வயதுகளில், இந்த அறுவையைப் பொறுப்புள்ள நிபுணர்கள் எளிதில் ஒப்புவதில்லை. காரணம் கேளுங்கள். இன்று உச்சியில் உள்ள சிறு வட்டத்தை நட்டு நிரப்பிவிடலாம்; பத்து வருஷத்தில் அந்த வட்டத்தைச் சுற்றியுள்ள சொந்த முடி மெலிந்துகொண்டே போனால், நட்ட முடி மாத்திரம் நடுவே திட்டாக நிற்கும்; அதைச் சரிக்கட்டப் பிடரியில் எடுத்தவை போக மீதி இருக்கவேண்டும். பிடரியின் சேமிப்பு ஆயுள் முழுவதற்கும் அவ்வளவே. முன்நெற்றிக்கும் அதிலிருந்தே கொடுக்கவேண்டும்.

அறுவை என்றால் அறுவைதான் என்பதைச் சென்னை மிகுந்த வேதனையோடு கற்றது. 2016-ஆம் ஆண்டில், மருத்துவக் கல்வி பயின்றுகொண்டிருந்த வாலிபர் ஒருவர் இந்நகரில் முடி நடும் சிகிச்சைக்குச் சென்று, அதன்பின் சில நாட்களுக்குள் உயிரிழந்தார். அறுவை செய்தவர்களின் தகுதியைப் பற்றியும், இடத்தின் வசதிகளைப் பற்றியும் நாடெங்கும் விவாதம் எழுந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ முறையாகப் பயின்றவர்களே இதைச் செய்யலாம் என்றும், பட்டறைகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்றும் வெளிப்படையாகவே சொன்னது. அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே எவ்வளவு வருத்தத்துக்குரியது! செய்யப் போகும் வைத்தியர் யார், அவர் பட்டம் என்ன, மயக்கமருந்து கொடுப்பவர் கடைசி வரையில் உடன் இருப்பாரா, திடீரென்று மூச்சோ நாடியோ தவறினால் அங்கே என்ன ஏற்பாடு இருக்கிறது, இவற்றை ஒருவன் கூசாமல் கேட்கவேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். கட்டிய முன்பணத்தை நினைத்து உட்கார்ந்திருப்பது தகாது.

இவ்வளவையும் எழுதும்போது, இதன் அடியில் இருக்கும் துயரத்தையும் நான் மறக்கவில்லை. குடுமி வைத்திருந்த காலத்தில் உச்சி மெலிந்தால் முடிச்சுச் சிறுக்கும், அவ்வளவுதான். கிராப்பு வந்த பிறகே அது ஊர் பார்க்கும் குறையாயிற்று. இப்போது ஜாதகம் பொருந்தி, உத்தியோகம் பொருந்தி, எல்லாம் கூடிவந்த சமயத்தில், "பையனுக்கு உச்சியிலே முடி கம்மியாமே" என்று பெண்வீட்டார் தரகரிடம் கேட்பதைப் பையன் அறிந்தால் அவன் மனம் என்ன பாடுபடும்? பல வாலிபர்கள் அறுவை மேஜைக்குப் போவது கல்யாணத் தேதி குறித்த பிறகு, அவசரம் அவசரமாக. இது சிகிச்சைக்கு உகந்த மனநிலை அன்று. கோடிக்கணக்கானோர் ஆதர்சமாகக் கொண்டாடும் நடிகர் ரஜினிகாந்த், திரைக்கு வெளியே தம் வழுக்கையையும் நரையையும் மறைக்காமலே பொது மேடைகளில் தோன்றுகிறார். அதனால் அவருடைய மதிப்பு ஒரு குன்றிமணியும் குறைந்ததில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதும், முடியை ஒட்டக் கத்தரித்துக்கொள்வதும் பூரணமான, கௌரவமான தீர்மானங்களே. அறிந்து எடுத்த தீர்மானமாக அது இருக்கவேண்டும் என்பதே என் ஆசை.

ஒரு விஷயம் மாத்திரம், மருந்து வேண்டுபவனும் வேண்டாதவனும் சேர்ந்து கவனிக்கவேண்டியது. ஏறத்தாழ 37,000 பேரைக் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்து ஜப்பானிய மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நெற்றி ஏறியவர்களிடம் காணாத ஒரு தொடர்பு, உச்சி வழுக்கை உள்ளவர்களிடம் காணப்பட்டது: அவர்களுக்கு இருதய ரத்தக்குழாய் நோய் சற்று அதிகம். உச்சி மெலிந்தவனுக்கெல்லாம் மாரடைப்பு வரும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இளவயதிலேயே தலைகாட்டும் இந்த ஊரில், உச்சியைக் காட்டப் போகும் வாலிபன் அன்றைக்கே ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்துக்கொள்வது நல்லது. மயிலாப்பூருக்கு மிக அருகில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் இப்பரிசோதனைகளைக் காசில்லாமல் செய்துகொள்ளலாம். தோல் நோய்ப் பிரிவும் அங்கேயே இருக்கிறது. காலையில் சென்று புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.